தொடாமல் ஆயிரம் மணி நேரம்

ஏழாம் எண் டிராம் வர இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. சில்க்கே அந்த நாலு நிமிஷத்தைக்கூடச் சும்மா விடவில்லை. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை விரித்தாள். ஆறு கிலோமீட்டர் தள்ளி, டிரெஸ்டன் நகரத்தின் வடக்கு ஓரத்தில், அவளுடைய கம்பெனியின் அடுப்புக்குள் நாற்பது சிப்புகள் வெந்துகொண்டிருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவை ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தாள். பிழை பூஜ்யம். நாற்பது நாளுக்கு முன்னால் எழுதி வைத்ததில் ஒரு பொட்டைக்கூட அவை மறக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள், டிராம் வந்தது, ஏறினாள், இடம் கிடைத்ததும் மறுபடி திறந்தாள்.

பூஜ்யம்தான். ஐந்து நிமிஷத்தில் என்ன மாறிவிடப் போகிறது? அதெல்லாம் அவளுக்கும் தெரியும். கை கேட்க வேண்டுமே.

டிசம்பர் பிறந்தால் காகிதக் காலண்டரில் நாளுக்கு ஒரு கதவாகத் திறந்து, உள்ளே இருக்கும் சாக்லேட்டை எடுப்பது இங்கே குழந்தைகள் இருக்கிற வீடெல்லாம் நடக்கிற காரியம். சின்ன வயதில் சில்க்கே முதல் தேதியே இருபத்து நாலு கதவையும் திறந்து பார்த்துவிட்டு, எதையும் தின்னாமல் மறுபடி மூடி வைத்தவள். தின்னும் ஆசை இல்லை. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். இப்போது வயது நாற்பத்தேழு. ஒரு சிப்பின் வடிவமைப்பு முழுவதும் அவள் தலைக்குள் இருக்கிறது. குணம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

இந்தத் தடவை பரபரப்புக்குக் காரணமும் இருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆயிரம் மணி நேரம் முடிகிறது. வெள்ளிக்கிழமை யேனா நகரத்திலிருந்து, சிப்பை வாங்கப்போகிற கோர்டுலா வருகிறார். அடுப்பிலிருந்து வந்த முடிவைப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டால், சில்க்கேயின் சிப் முதல் தடவையாக ஒரு உண்மையான பொருளுக்குள் போய் உட்காரும். போடாவிட்டால் கம்பெனியில் இருக்கும் முப்பத்தொரு பேருக்கும் வேறு வாசல் இல்லை.

மெமரிகளில் இரண்டு ஜாதி. வேகமாக எழுதுவது ஒன்று. அது கரண்ட் போன மறுகணம் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காதது இன்னொன்று, அது எழுதும்போது கரண்டை மடமடவென்று குடிக்கும். இரண்டின் நல்ல குணமும் சேர்ந்த ஒன்று வரப்போகிறது, இதோ அடுத்த வருஷம் கடைக்கே வந்துவிடும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். சொல்கிறவர்கள் பொய்யர்கள் இல்லை, பாவம். ஆய்வுக்கூடத்து மேஜையில் அது வேலை செய்கிறது. மேஜையிலிருந்து கடைக்குப் போகிற வழியில்தான் காணாமல் போய்விடுகிறது. சில்க்கேயே நியூரம்பெர்க் கண்காட்சியில் கோர்டுலாவிடம் மூன்று வருஷம் தொடர்ந்து "அடுத்த வருஷம்" சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கோர்டுலாவும் விடாமல் காத்திருந்தார். அவர் கம்பெனியில் நாலே பேர். அவர்கள் செய்வது தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பாலம் கட்டும்போதே அதைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட வேண்டும். மேலே லாரி போனால் பாலம் அதிரும், அந்த அதிர்விலிருந்து பெட்டி ஒரு மடக்குக் கரண்ட் எடுத்துக்கொள்ளும், அந்த ஒரு மடக்கில் பாலம் எவ்வளவு வளைந்தது என்று எழுதி வைக்கும். பழைய மெமரிக்கு அந்த ஒரு மடக்கு காணாது. பேட்டரி வைக்கலாம் என்றால், கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய் யார் மாற்றுவது? இங்கே ஆறு வருஷத்துக்கு ஒரு முறைதான் பாலத்தை முழுசாகப் பரிசோதிப்பார்கள். பரிசோதகர் வந்து படிக்கிற அந்த நாள் வரைக்கும், எழுதினது யாரும் படிக்காமலே உள்ளே கிடக்க வேண்டும். அப்படி ஐம்பத்தெட்டுப் பெட்டிகளுக்கு ஒரு புதுப் பாலத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆகவே ஒரே கேள்விதான். ஒரு தடவை எழுதிவிட்டு யாரும் தொடாமல் விட்டால் இந்தச் சிப் ஞாபகம் வைத்திருக்குமா? அதற்காகப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது என்பதால் அடுப்பு. நூற்றிருபத்தைந்து டிகிரியில் ஆயிரம் மணி நேரம் தாக்குப் பிடித்தால், வெளியே பத்து வருஷம் தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்தத் தொழிலே அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகிறது.

அடுப்புக்குப் பொறுப்பு எக்கெஹார்ட். எல்லோருக்கும் எக்கி. அறுபத்தொரு வயது. சிப்புகளை அடுக்கி, ஒயர் மாட்டி, கதவைச் சாத்தி, "கை வைத்தால் கை இருக்காது" என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, மறுநாளே முழங்கால் வைத்தியத்துக்காகக் கடலோரம் போய்விட்டார். ஆறு வாரம். ஒயர் மாட்டியது ஆரம்பத்தில் எழுதவும் கடைசியில் படிக்கவும்தான். ஆனால் ஒயரின் மறுமுனை கம்பெனி நெட்வொர்க்கில் இருந்தது, நெட்வொர்க்கின் மறுமுனை சில்க்கேயின் மடியில் இருந்தது.

ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆறாம் நாள் காலையில் முடியவில்லை. நாற்பதையும் படித்தாள். இருபத்து மூன்றாம் சிப்பில் ஒரே ஒரு பிட் பிழை. அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை மறுபடி படித்தாள், பிழையைக் காணோம். அப்பாடா என்று இருந்தது. ஒயரில் ஏதோ இரைச்சல், அதைத்தான் பிழை என்று காட்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் படித்தாள். சில நாள் சாயங்காலமும். வாரத்துக்கு ஒரு முறை கம்பெனித் தலைவன் ஃபால்க்கிடம் பூஜ்யம் என்று சொன்னாள். அவன் அதைக் கோர்டுலாவிடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்தார்கள். ஒன்பதரைக்கு மூன்றடுக்குப் பாலாடைக்கட்டி கேக் மேஜைக்கு வந்துவிட்டது. ஃபால்க் அதைச் சனிக்கிழமையே சொல்லி வைத்திருந்தான். பிறந்தநாளுக்குக்கூட ஒரு நாள் முந்தி வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்று நினைக்கிற ஊர் இது. இவன் என்னடா என்றால் முடிவு வருவதற்கு மூன்று நாள் முந்தி கேக் சொல்லியிருக்கிறான் என்று அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த எக்கி முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். முழங்கால் நன்றாக இருக்கிறதா என்று நாலு பேர் கேட்டதற்கு, முழங்கால் நன்றாக இருக்கிறது, அங்கே காப்பிதான் கழுநீர் என்றார்.

அப்புறம் அடுப்பின் நாள்வாரிப் பதிவை அச்சடித்த காகிதக் கட்டை இழுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முள்கரண்டியில் குத்திய கேக் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"ஏம்மா சில்க்கே, ஆறாம் நாள் இருபத்து மூணுல ஒரு பிட் போயிருக்கு?"

"அது இரைச்சல். மறுநாள் பாரு, சரியாயிடுச்சு."

"தானாவா?"

"தானாத்தான்."

எக்கி கரண்டியைக் கீழே வைத்தார். "மறந்துபோனது எப்படிம்மா தானா ஞாபகத்துக்கு வரும்?"

சில்க்கே காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் பார்த்தாள்.

இந்தச் சிப்பின் சங்கதி இதுதான். உள்ளே ஒவ்வொரு பிட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வெறுமனே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தள்ளித்தான் பார்க்க வேண்டும். தள்ளினால் இருந்த நிலை கலைந்துவிடும். அதனால் படித்த கையோடு திரும்ப எழுதிவிட வேண்டும். ஒருவர் தூங்குகிறாரா என்று எழுப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தாலாட்டித் தூங்க வைப்பது போல. எழுதும்போது பிழை ஏதாவது இருந்தால் அதையும் திருத்தியே எழுதும். அந்தத் திருத்தி எழுதும் மின்சுற்றை வரைந்தது வேறு யாருமில்லை, சில்க்கேதான். பதினான்கு மாதம் உட்கார்ந்து வரைந்தாள். அதற்காக அவள் பெயரில் காப்புரிமைகூட இருக்கிறது.

தினமும் காலையில் அவள் பார்க்கவில்லை, புதுசாக எழுதியிருக்கிறாள். அடுப்பிலிருந்து வெளியே வந்தது ஆயிரம் மணி நேரத்து ஞாபகம் இல்லை. இருபத்து நாலு மணி நேரத்து ஞாபகம், முப்பத்தைந்து தடவை. யாரும் தொடாமல் கிடந்தது முதல் ஐந்து நாள் மட்டும்தான். அந்த ஐந்து நாளிலேயே ஒன்று மறந்திருக்கிறது.

தெருவில் போகிற யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. செய்வதற்கே இவ்வளவு படித்திருக்க வேண்டும். சில்க்கேக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. முப்பது பேர் கேக் தின்றுகொண்டிருந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே போய், ஜாக்கெட் கூடப் போடாமல் பைன் மரங்களுக்கு நடுவே வேலி ஓரமாக இரண்டு சுற்று நடந்தாள். தன்னை அவ்வளவு வெறுத்த நாள் அவளுக்கு ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தபோது ஃபால்க்கின் அறையில் எக்கி ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். ஃபால்க் கெட்டவன் இல்லை. சில்க்கேயோடு ஒரே வகுப்பில் படித்தவன். போன வருஷம் கம்பெனி தள்ளாடியபோது, எல்லோருக்கும் சம்பளம் போகட்டும் என்று தன் சம்பளத்தை எட்டு மாதம் எடுக்காமல் இருந்தவன். அவன் கத்தவும் இல்லை. மேஜையில் இருந்த காகிதத்தை விரலால் தட்டித் தட்டிப் பேசினான். நாற்பது சிப், ஆயிரம் மணி நேரம், நூற்றிருபத்தைந்து டிகிரி, கடைசியில் பிழை பூஜ்யம். இதில் எந்த வார்த்தை பொய் என்று கேட்டான்.

"பாலத்துக்குள்ள தினமும் காலையில போய் யாருப்பா படிக்கிறது?" என்றார் எக்கி. "நீ போவியா?"

பெட்டியே தன்னைத் தானே படித்துக்கொள்ளும்படி செய்ய முடியாதா என்று ஃபால்க் கேட்டான். நாற்பது நிமிஷம் அதையே பேசினார்கள். முழுசாகப் படிக்க ஒரு மடக்குக் கரண்ட் போதாது, பாலத்தை ஒரு மாதம் அடைத்துப் போட்டால் அந்த ஒரு மடக்கும் கிடையாது, சிப்பையே மாற்றி வரைய வேண்டும் என்று சில்க்கே சொல்லி முடித்தாள். அதற்கு ஒரு வருஷம் ஆகும். புதுசாக அடுப்பில் வைத்தாலும் ஆறு வாரம் ஆகும். கோர்டுலா பெட்டிகளைச் செய்ய ஆரம்பிக்க வேண்டியது வரும் திங்கட்கிழமை. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

அப்போதுதான் எக்கி தொண்டையைச் செருமினார். அடுப்பில் கீழ்த் தட்டுக்குப் பின்னால் இன்னொரு தட்டு இருக்கிறது, அதிலும் நாற்பது சிப், ஒரே நாளில் எழுதி வைத்தது, ஒயர் கிடையாது என்றார். யாரும் கேட்காமல் எதற்காக வைத்தாய் என்று ஃபால்க் கேட்டான்.

எக்கி சில்க்கேயைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா இவளைப் பார்க்கறேனே. ஒயர் இருந்தா இவ கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்காக நீ இப்படி நோண்டி வெப்பேன்னு நினைக்கலை தாயே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஃபால்க்குக்கு இரண்டும் வரவில்லை. அந்தத் தட்டைத் தொடக்கூடாது என்றான். ஒரே தடவைதான் படிக்க முடியும், படித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். படிக்காத வரைக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைச் சொல்லாமல் இருப்பதில் குற்றம் இல்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகட்டும், அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் படியுங்கள் என்றான். சில்க்கே சரி என்றாள். உண்மையைச் சொன்னால், அவன் தடை போட்டது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

தட்டை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவி ஜீன்ஸ் பையில். ஐந்து வாரமாகத் தினமும் எட்டிப் பார்த்தவளுக்கு, இப்போது அந்த இழுப்பறைப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. உள்ளே இருப்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். ஆறாம் நாள் பிழை ஒரே ஒரு சிப்பின் கோளாறாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்றே புதன்கிழமை போனது. வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு எல்பே ஆற்றங்கரையோடு மைசன் வரைக்கும் சைக்கிள் மிதித்தாள். போன உடனே திரும்பினாள். வீட்டுக்கு வந்து நிலவறையில் இருந்த பழைய பெயின்ட் டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கை சாவியை விடவில்லை.

கோர்டுலாவிடம் இருந்து மதியம் ஒரு செய்தி வந்தது: நாளை ஒன்பது பத்துக்கு நோய்ஷ்டாட் ஸ்டேஷன், டிராமில் நானே வந்துவிடுகிறேன், யாரும் வர வேண்டாம்.

சில்க்கே எட்டே முக்காலுக்கே பிளாட்பாரத்தில் நின்றாள்.

கோர்டுலா நெட்டையான பெண்மணி. ஐம்பத்தைந்து இருக்கும். எங்கே போனாலும் கட்டட வேலைக்குப் போடுகிற பூட்ஸோடுதான் வருவார். அதில் எப்போதும் ஒரு பாலத்தின் சிமென்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். ஐந்து வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் இருவரும் 'நீங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள். டிராமில் உட்கார்ந்ததும் கோர்டுலா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பாலத்தின் சென்ட்ரிங் பலகை. அதன் உள்பக்கமாக வரிசையாகச் சின்னச் சின்ன மரக்கட்டைகள் அடித்திருந்தார்கள். கான்கிரீட் இறுகியபின் கட்டையைப் பிடுங்கினால் பெட்டி உட்காரக் குழி கிடைக்கும், பெட்டியை வைத்து அதையும் கான்கிரீட்டால் மூடிவிடுவார்கள். ஐம்பத்தெட்டும் நேற்று அடித்து முடிந்தது, தச்சர்களுக்கு நான் போய் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை சில்க்கே பார்த்ததில்லை.

டிராம் காட்டுக்குள் நுழைந்தது. இன்னும் ஏழு நிறுத்தம். இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் ஃபால்க் இருப்பான், பேனா இருக்கும், கேக்கில் மிச்சம்கூட இருக்கும்.

"கோர்டுலா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாம் நாள், முப்பத்தைந்து காலை, திருத்தி எழுதுகிற சுற்று, அதை வரைந்தவளே தான் என்பது, ஒயர் இல்லாத தட்டு. ஒன்றையும் மறைக்கவில்லை. தன் பக்கம் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் நாலு நிறுத்தம் போய்விட்டது. கோர்டுலா போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, இது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். மூன்று பேருக்கு, உங்களோடு நாலு என்றாள் சில்க்கே. அந்தத் தட்டை ஏன் இன்னும் படிக்கவில்லை என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சு."

கோர்டுலா தலையை மட்டும் ஆட்டினார்.

ஃபால்க் வாசலுக்கே வந்து வரவேற்றான். இருவர் முகத்தையும் பார்த்தவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது. சில்க்கேயைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தான். அவள் அதை வாங்கிக்கொண்டாள். ஒப்பந்தக் காகிதங்கள் மேஜையில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. கோர்டுலா உட்காரவில்லை. முதலில் தட்டைப் படிக்கலாம் என்றார்.

எக்கி படிக்கும் கருவியைக் கொண்டுவந்து மேஜையின் நடுவே வைத்தார். சில்க்கே இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு சிப்பை இடுக்கியால் எடுத்துக் கருவியில் அழுத்தி, அரை நிமிஷம் காத்திருந்து, எடுத்து, அடுத்தது. வழக்கமாக இதை எக்கிதான் செய்வார். அன்று சில்க்கே இடுக்கியை அவரிடம் கொடுக்கவில்லை.

ஒன்று, பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். ஐந்து போனது, எட்டு போனது. ஃபால்க் சுவரில் சாய்ந்து நின்றவன் மெல்ல மேஜை அருகே வந்தான். பதினொன்றாவதும் பூஜ்யம் என்று வந்தபோது அவன் மூச்சு விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சில்க்கேக்கும் நெஞ்சுக்குள் ஒரு ஆசை தலை தூக்கியது. கடவுளே, தப்பித்துவிட்டோமா?

பன்னிரண்டாவது மறந்திருந்தது. ஒன்றிரண்டு பிட் இல்லை, திருத்த முடியாத அளவுக்கு மறந்திருந்தது. கருவி சிவப்பில் ஒரு எண்ணைக் காட்டியது. பதின்மூன்று சரி. பதினான்கு மறந்திருந்தது.

அதற்கப்புறம் யாரும் திரையைப் பார்க்கவில்லை, சில்க்கேயைத் தவிர. அவள் நாற்பதையும் முடித்தாள். முப்பத்தொன்று ஞாபகம் வைத்திருந்தன, ஒன்பது மறந்திருந்தன. எக்கி அதை நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தார்.

முப்பத்தொன்று நல்ல எண்ணிக்கை என்று ஃபால்க் ஆரம்பித்தான். ஐம்பத்தெட்டுப் பெட்டியில் நாற்பத்தைந்து பெட்டியாவது பேசும், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் இல்லையா, எது மறந்தது என்று பிறகு பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் குரலில் பாதி உயிர்தான் இருந்தது. சொல்லிக்கொண்டே போனவனைக் கோர்டுலா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சில்க்கே பக்கம் திரும்பினார்.

"உன் பாலமா இருந்தா இதை உள்ளே வைப்பியா?"

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' என்றார். அது கோபமா, நெருக்கமா என்று யோசிக்க சில்க்கேக்கு நேரம் இல்லை. முப்பத்தொரு பேர், பதினான்கு மாதம் வரைந்த சுற்று, மூன்று கண்காட்சி, எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"வைக்கமாட்டேன்," என்றாள். "ஒரு பெட்டி தப்பாச் சொன்னா அதை நம்பி லாரியை விடுவாங்க. வைக்கமாட்டேன்."

ஃபால்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேனாவை எடுத்து மூடியை மாட்டினான்.

கோர்டுலா ஜிப்பைத் திறந்து போனை எடுத்தார். சைட் இன்ஜினியர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் போலும். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இந்தப் பாலத்துக்கு எங்கள் பெட்டி வராது என்று கோர்டுலா சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மறுமுனையில் அவர் காரணம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: சென்ட்ரிங்கில் அடித்து வைத்த ஐம்பத்தெட்டுக் கட்டை இருக்கிறதே, அதை என்ன செய்ய?

கோர்டுலா சில்க்கேயைப் பார்த்தார். சில்க்கே பார்வையைத் தாழ்த்தவில்லை. அது ஒன்றுதான் அப்போது அவளால் செய்ய முடிந்தது.

"பிடுங்கிடுங்க," என்றார் கோர்டுலா.